அரை அங்குலம்

பொனற்றைத் திறந்தால் மணம்.
டீசல் பாதி, சாளை பாதி.
ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ், என்னைவிட மூப்பு.
அதின்ரை நெஞ்சுக்குள்ளை
ரொயோட்டா டீசல் எஞ்சினை இறக்கினது நானில்லை,
பரந்தனிலை ஆரோ ஒரு துணிஞ்சவன்.
எல்லாம் பூட்டிப்போட்டு
ஓல்ரனேற்றருக்கு இடம் விட மறந்திட்டான்.
பிறகு நினைவு வந்து
ஸ்ரேறிங் பெட்டிக்குப் பக்கத்திலை
ஒற்றைப் போல்ற்றிலை ஒண்டைத் தொங்கவிட்டிருக்கிறான்,
ஒரு காது உடைஞ்ச தாச்சி மாதிரி.

"செவ்வாய் விடியப்புறம்" எண்டு துவங்கினா யசிந்தா,
"ஒட்டுசுட்டானுக்கு இஞ்சாலை, மூண்டு மணி.
லைற் முதல் மஞ்சளாச்சு,
பிறகு பழுத்த மஞ்சளாச்சு,
பிறகு அதுக்குள்ளை யானை நிண்டது."
ஹோர்ன் அடிச்சவவாம். நுளம்பு மாதிரிச் சத்தம்.
யானை காதை மட்டும் அசைச்சது.
ஐஸ் உருகி டிக்கியாலை வழிய
முப்பது கிலோ பாறையோடை
அது போகுமட்டும் இருந்தவவாம்.
"செபமாலை சொன்னனீங்களோ?"
"இல்லை. நட்டக் கணக்குப் பாத்தனான்."

கலப்பை முறிஞ்ச ட்ரக்டர்க்காரன் ஒருத்தன்
காசுக்குப் பதிலாய் விட்டிட்டுப் போன இரும்பு கிடந்தது.
அளந்து, வெட்டி, வெல்ட் பண்ணி
எஞ்சினுக்கு மற்றப் பக்கத்திலை, கொஞ்சம் உயரத்திலை
ஒரு கை செய்தன்.
அதிலை வான் ஒண்டிலையிருந்து கழட்டின எழுபது அம்பியர்.
கப்பிக்குக் கப்பி நேர் பாக்க நூல் தேடினன்.
யசிந்தா பையுக்குள்ளையிருந்து தங்கூசி எடுத்தா.
இழுத்துப் பிடிக்கத் தெரிஞ்சது,
ரெண்டு வாசர் தடிப்பு விலகல்.
ரெண்டு வாசர் போட்டன்.

பெல்ற் மூண்டு மாத்தினன்.
முதலாவது எட்டேல்லை.
ரெண்டாவது எட்டினது, இழுக்க இடமில்லை.
மூண்டாவதைப் போட்டு
இரும்பு மூக்கிலை கம்பி குடுத்து நெம்பினன்.
(அலுமினிய முதுகிலை குடுத்தால் வெடிச்சிடும்.)
நெம்பிப் பிடிச்சு, போல்ற்றை இறுக்கி,
நடுவிலை பெருவிரலாலை அமத்தவேணும்.
அரை அங்குலம் தாழவேணும்.
கூடத் தாழ்ந்தால் கத்தும்.
குறையத் தாழ்ந்தால் சத்தம்போடாமல் பெயரிங்கைத் தின்னும்.

எனக்கு வலக்கைப் பெருவிரல் இல்லை.
கணக்கெடுக்க வந்தவை கேட்டவை,
செல்லோ, மிதிவெடியோ?
பெல்ற், எண்டன்.
எண்பத்தொன்பதிலை, அரிசி மில்லிலை,
ஓடேக்கை தூசி தட்டப் போனது.
அந்தப் படிவத்திலை அதுக்குக் கட்டம் இல்லை.
எழுதின பெடியன் பேனையைக் கடிச்சான்.
எனக்குப் பாவமாய்ப் போச்சு,
செல் எண்டு போடு தம்பி, எண்டன்.
போடேல்லை.
'வேறு' எண்டு எழுதினான்.

இடக்கை கம்பியிலை, வலக்கை சாவியிலை.
"பெருவிரலை ஒருக்காத் தாங்கோ" எண்டன்.
செதில் உரிச்சு உரிச்சுத் தடிச்ச விரல்.
வைச்சு அமத்தினா.
"எவ்வளவு தாழுது?"
"நெத்தலி ஒண்டின்ரை அகலம்."
"பெரிய நெத்தலியோ, சின்னனோ?"
யோசிச்சா.
"பொரிக்கிற அளவு."
இறுக்கினன்.

ஸ்ராட் பண்ண
பெல்ற் ஒருக்காக் கத்தினது, பண்டி மாதிரி.
நிப்பாட்டி, இன்னும் ஒரு துளி நெம்பல்.
திருப்பியும் ஸ்ராட்.
கத்தேல்லை.
சிவப்பு லைற் செத்துது.
மீற்றர் முள்ளு பன்ரண்டிலையிருந்து எழும்பி
பதினாலிலை போய்க் குந்தினது.
ஹெட்லைற் ரெண்டும் போட்டன்.
ஹோர்னை விடாமல் அமத்தினன்,
எதிர்க்கடைக்காரர் வெளியிலை வந்து ஏசுமட்டும்.
பதின்மூண்டே முக்கால்.
அங்கையே நிண்டது.

"புதுப் பெல்ற் இழுபடும்.
வெள்ளிக்கிழமை வாங்கோ, திருப்பி இறுக்குவம்."
"வெள்ளி மீன் போகாது. வாறன்."
பாதிக் காசு தந்தா, மிச்சத்துக்கு ஒரு பாறை.
பெருவிரலிலை கறுப்பாய் ஒரு கோடு,
சட்டையிலை தேய்ச்சா, போகேல்லை.
அதோடையே ஸ்ரேறிங்கைப் பிடிச்சு
மாங்குளம் சந்தியிலை
ஒட்டுசுட்டான் பக்கம் திருப்பினா,
பின்னேரம் மூண்டு மணி வெய்யிலுக்குள்ளை,
லைற் ரெண்டையும் போட்டபடி.